தாழையும் (கடற்புல்லு) பாரும் (பவளப்பாறை) போச்சுன்னா கடல்ல மீன் எங்க இருந்து வரும்?

கடலுக்குள்ள எல்லாம் எப்படி ஒண்ணோட ஒண்ணு இயங்குது, அத ஏன் பாதுகாக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் ஊர் பக்கம், எனக்கு தெரிஞ்ச கடல வச்சே சொல்றேன். எங்களுக்கு ரெண்டு கடல். வடகடல்னா பாக் விரிகுடா, தென்கடல்னா மன்னார் வளைகுடா.

எங்கப்பா நாட்டுப்படகு தொழில். சின்ன வயசுல தண்ணி வத்துற நேரமா பாத்து என்ன வடகடல்ல இடுப்பளவு தண்ணில நிக்க வச்சு, காலுக்கு கீழ கெடக்குற தாழைய விலக்கி காமிப்பாரு. தாழைன்னா கடற்புல்லு, நிறைய பேரு பாசின்னு நினைக்கிறாங்க, பாசிக்கு வேர் கிடையாது, இதுக்கு வேர் இருக்கு, தண்ணிக்குள்ளயே பூத்து காய்க்கும். ஒரு கொத்த மெதுவா விலக்குனா உள்ள நகத்தளவு நண்டு, கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு, வால இலைல சுத்திக்கிட்டு அசையாம நிக்கிற கடல்குதிரை, இலையோட ஒட்டி வெள்ளை வெள்ளையா விரல் மாதிரி கணவாய் முட்டை. "இதுதான்டா நம்ம வீட்டு அடுப்பு"ம்பாரு அப்பா. அப்ப புரியல.

குஞ்செல்லாம் இங்க ஒளிஞ்சு வளந்து, கொஞ்சம் பெருசானதும் பல மீனு பாருக்கு போயிரும். பார்னா பவளப்பாறை. பாக்க கல்லு மாதிரி இருந்தாலும் அது உயிரு, அதோட உடம்புக்குள்ள கண்ணுக்கு தெரியாத பாசி குடியிருந்து வெயில்ல சாப்பாடு தயாரிச்சு குடுக்குது. தண்ணி ரொம்ப சூடானா அந்த பாசி வெளிய போயிரும், பவளம் வெளுத்துரும், சூடு குறையலைன்னா செத்துரும். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால அப்படித்தான் வெளுத்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம். பார் அலைய உடைக்கிறதால உள்பக்கம் தண்ணி அமைதியா இருக்கு, அதனால அங்க தாழை வேர் பிடிக்குது. தாழை சேத்த பிடிச்சு வைக்கிறதால தண்ணி தெளியுது, தெளிஞ்சாத்தான் பவளத்துக்கு வெயில் கிடைக்கும். கிளிமீன் பவளத்து மேல படியிற பாசிய சுரண்டி தின்னுட்டே இருக்கும், அது இல்லன்னா பாசி பவளத்த மூடிரும். கடல் அட்டை மண்ண தின்னு அதுல உள்ள அழுக்க எடுத்துட்டு சுத்தமான மண்ண வெளிய தள்ளும், நம்ம வயல்ல மண்புழு செய்ற வேலைதான். அளவுக்கு மீறி பிடிச்சதால 2001லயே அத பிடிக்க தடை போட்டாங்க. இதுல ஒண்ண உருவுனா அடுத்தது ஆடிரும்.

ஆவுளியாவ (கடல்பசு) எடுத்துக்கோங்க. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தாழைய வேரோட மேயும், மேஞ்ச தடம் ஏர் ஓட்டுன மாதிரி தெரியும், அதுல திரும்ப இளம்புல்லு வரும். ஆனா அது பல வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும், மூச்சு விட மேல வந்தே ஆகணும், வலைல மாட்டுனா தண்ணிக்குள்ளயே மூச்சுமுட்டி செத்துரும். ஒண்ணு போனா ஈடு கட்ட எவ்வளவு வருசம் ஆகும்னு பாருங்க.

எங்க பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வெட்டி எடுத்தாங்க. மன்னார் வளைகுடால இருந்த 21 தீவுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு, அலைய தடுக்க ஒண்ணுமில்லாம போனா மண்ணு எப்படி நிக்கும்? இன்னொரு பக்கம் இழுவை மடி, அதாவது விசைப்படகு இழுத்துட்டு போற வலை, கடல் அடிமட்டத்த வாரிக்கிட்டு போகும். கரைல சங்காயம்னு ஒரு குவியல் கொட்டுவாங்க, மீன்மாவுக்கும் கோழித்தீவனத்துக்கும் போறது. ஒரு தடவ அதுல கைய விட்டு பாத்தேன், விரல் நீள விளமீன் குஞ்சு, ஓரா குஞ்சு, நசுங்குன கடல்குதிரை, கூடவே வேரோட பிடுங்குன தாழை. அப்பா காமிச்ச அதே தாழை. அன்னைக்கு சோறு எறங்கல எனக்கு. கூடை கூடையா நாளைய மீன கொட்டி வச்சிருக்காங்க.

சட்டம் இல்லாம இல்ல. மன்னார் வளைகுடாவுக்கு 1986ல கடல்சார் தேசிய பூங்கா, 1989ல உயிர்க்கோள காப்பகம், 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரத்துல 448 சதுர கிலோமீட்டர் கடல்பசு காப்பகம். கரைய ஒட்டுன கடல்ல விசைப்படகு மீன்பிடிக்க கூடாதுன்னு 1983 சட்டம் இருக்கு. தாழை பெரும்பாலும் அந்த ஆழமில்லாத தண்ணிலதான் கிடக்கு, அதனால இந்த ஒரு விதிய ஒழுங்கா கடைப்பிடிச்சாலே பாதி கடல் பொழச்சுக்கும்னு நான் நம்புறேன். விசைப்படகுக்காரங்களும் எங்க சொந்தக்காரங்கதான், கடன் வாங்கி படகு வாங்குனவங்க, அவங்களுக்கு மாத்து தொழிலுக்கு வழி காட்டாம சட்டத்த மட்டும் நீட்டுனா நடக்காது.

மக்களும் சும்மா இல்ல. வலைல மாட்டுன ஆவுளியாவ, வலைய அறுத்து விட்ட மீனவங்க எங்க கடல்ல இருக்காங்க. ஒரு வலை என்ன விலைன்னு தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். அப்பாவும் இப்ப தாழை மேல நங்கூரம் போடுறதில்ல, கொஞ்சம் தள்ளி மணல் பாத்துத்தான் போடுறாரு.