12½ அடி ரூம்ல 8 இஞ்ச் மானிட்டரா? முதல்ல டேப் எடு தம்பி

தம்பி கேட்டது: ரங்கூன் டவுன்ல ஹால் வீடு, முன்பக்கத்துல கம்ப்யூட்டர் போட்டு கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு மிக்ஸ் பண்றேன், இப்ப வரைக்கும் ஹெட்ஃபோன்லதான் ஓடுது, ஸ்டுடியோ மானிட்டர் (மிக்ஸ் பண்றதுக்குன்னே வர ஸ்பீக்கர்) வாங்கணும், கோன் 5 இஞ்ச் போதுமா இல்ல 8 இஞ்ச் வாங்கவா, எந்த பிராண்டு.

5 இஞ்ச் வாங்கு. பிராண்டு கதைய பின்னாடி பாப்போம், அது நீ நெனைக்கிற அளவுக்கு பெரிய விஷயம் இல்ல.

நம்ம டவுன் வீடு எப்படி இருக்கும்னு ஒனக்கே தெரியும், முக்கால்வாசி 12½ அடி அகலம் 50 அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்கொறைய 1130 அடி போகும். அத அகலத்தோட ரெண்டு மடங்கால, அதாவது 25ஆல வகுத்துப் பாரு, 45 வரும். அந்த 45 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 45 தடவ அதிருற அடி சத்தம், ரெண்டு சைடு சுவத்துக்கும் நடுவுல மோதி மோதி நிக்கும், சுவர் ஓரத்துல தூக்கலா கேக்கும், நட்ட நடுவுல செத்துப் போயிரும். நீ எங்க ஒக்காருவ? ஸ்டீரியோவுக்காக நட்ட நடுவுலதான. அதோட விட்டாலும் பரவால்ல, அதுக்கு டபுள் 90 ஹெர்ட்ஸ் இருக்கு பாரு, அது நடுவுலதான் ஏறும். ஆக கிக் டிரம்மோட அடி வயிறு காணாமப் போயி அதுக்கு மேல உள்ள தொம் தொம் மட்டும் ஊதிப் பெருசாத் தெரியும். நான் ஒரு தடவ அரை அடி தள்ளி ஒக்காந்து பாத்தேன், பேஸ் கொஞ்சம் சரியாச்சு, ஆனா பாடுற அம்மா ஒரு பக்கமா நகந்து போயிட்டாங்க, விட்டுட்டேன்.

இந்தக் கணக்கு தெரியாமதான் நான் முதல்ல 8 இஞ்ச் எடுத்தேன். பெருசு வாங்குனா பேஸ் நல்லாத் தெரியும்னு நெனப்பு. தெரிஞ்சுச்சு, ரூமோட பேஸ் தெரிஞ்சுச்சு. எங்க வீட்டு சீலிங் 10 அடி, அதே கணக்கு போட்டா 56, அதையும் அந்தப் பெரிய கோன் நல்லா எழுப்பி விட்டுச்சு. உறுமி வச்ச ஒரு அம்மன் பாட்டு, ராத்திரி பூரா ஒக்காந்து மிக்ஸ் பண்ணேன், எனக்கு கீழ ஒரே கொழகொழன்னு கேக்குது, அதனால ஈக்யூல 60 ஹெர்ட்ஸ்லயும் 90லயும் வெட்டு வெட்டுன்னு வெட்டிட்டேன். மறுநாள் மாமா கார்ல போட்டா உறுமி ஏதோ டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு. மாமா ஒண்ணும் சொல்லல, சவுண்ட மட்டும் கொறைச்சாரு. 5 இஞ்ச்லயும் அந்த 90 தூக்கும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா 56ல அதுக்கு அவ்ளோ தெம்பு கெடையாது, அதனால சிக்கல் ஒண்ணு கொறையும், பக்கத்து வீட்டு சண்டையும் கொறையும்.

கேட்டலாக் நம்பர பாத்து ஏமாறாத. யமஹா எச்எஸ்5ல 54 ஹெர்ட்ஸ்ல இருந்துன்னு போட்டிருப்பான், அது 10 டெசிபல் எறங்கிப் போன எடத்துல எடுத்த கணக்கு. 3 டெசிபல் எறக்கம்னு பாத்தா 74தான். எச்எஸ்8க்கு அதே மாதிரி 38ன்னு இருக்கும், 3 டெசிபலுக்கு 47. பேஸ் கித்தார் தடி கம்பி சும்மா தட்டுனா 41 ஹெர்ட்ஸ், ஆனா நம்ம காதுக்கு அதோட ரெண்டாவது 82தான் பெரும்பாலும் பிடிபடும், அது 5 இஞ்ச்ல வந்துரும். அதுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு பாக்க ஹெட்ஃபோன் இருக்கு, ஹெட்ஃபோனுக்கு ரூமே கெடையாது பாரு, அத தூக்கிப் போட்றாத.

வைக்கிற எடம். டேபிள 50 அடி நீளச் சுவத்துல போடாத, ரெண்டு சைடு சுவரும் சம தூரத்துல இருக்க மாதிரி நீளவாக்குல பாத்து ஒக்காரு. ரெண்டு ஸ்பீக்கரும் ஒன் தலையும் சம முக்கோணம், ட்வீட்டர் (கீச்சு சத்தம் வர சின்ன ஸ்பீக்கர்) காது உயரம், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாதது ஸ்பீக்கருக்குப் பின்னாடி உள்ள சுவர் தூரம். சுவத்துல பட்டுத் திரும்பி வர சத்தம் முன்னாடி போறத அடிச்சுரும், எந்த ஹெர்ட்ஸ்ல அடிக்கும்னா 1130அ தூரத்தோட நாலு மடங்கால வகு. 3 அடி தள்ளி வச்சா 94, மேளத்தோட கனம் அந்தப் பக்கம்தான், போச்சு. 1 அடின்னா 280 கிட்ட போயிரும், அத ஒரு தடி பஞ்சுப் பலகை வச்சு சமாளிக்கலாம். அதனால சுவத்துக் கிட்ட நகத்தி வை, கிட்ட வச்சதால பேஸ் மொத்தமா ஏறும், அதுக்குத்தான் பின்னாடி ரூம் கன்ட்ரோல் சுவிட்ச், எச்எஸ்ல மைனஸ் 2, மைனஸ் 4 இருக்கும்.

முட்டை அட்டை ஒட்டுறேன்னு மட்டும் கெளம்பாத, அது பேஸ ஒண்ணும் பண்ணாது. 45 ஹெர்ட்ஸோட ஒரு அலை 25 அடி, முட்டை அட்டை எங்க அது எங்க. பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு மூலைல நிக்க வச்சேன், பாக்க அசிங்கம், வீட்ல திட்டு, ஆனா 90 கொஞ்சம் அடங்குச்சு.

இப்ப முக்கியமான விஷயம், கரண்டு. இத எந்த யூடியூப் ரிவியூலயும் சொல்ல மாட்டான், ஏன்னா அவன் ரூம்ல கரண்டு போறதில்ல. நம்ம ஊருக்கு ஜப்பான் செகண்ட்ஹேண்ட் சாமான் நெறைய வருது, விலையும் கம்மி, நானும் ஒரு ஜோடி ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப் உள்ளயே இருக்கறது) தூக்கிட்டு வந்தேன், புதுசு மாதிரி இருந்துச்சு. பின்னாடி 100 வோல்ட்னு எழுதியிருக்கு, நான் பாக்கல, கடக்காரனும் சொல்லல. நம்ம லைன் 230. சொருகுனேன், பட்டுன்னு ஒரு சத்தம், அப்பறம் வெள்ளையா புகை. அந்த மானிட்டர்ல நான் கேட்ட முதல் சத்தமும் அதுதான் கடைசி சத்தமும் அதுதான். அதனால பிராண்ட் பேரு படிக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பி வோல்டேஜ் படி, 100ன்னு இருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேத்துக் கணக்குப் போடு.

கரண்டு போயி பேட்டரி இன்வர்ட்டர்ல ஓட்டுவல்ல, அது ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டரா இருக்கணும். மலிவு இன்வர்ட்டர் சதுரமா வெட்டி வெட்டிக் குடுக்கும், மானிட்டர்ல ஒரு கொசு கூட்டம் உள்ள பூந்த மாதிரி ங்ஙொய்ங்னு வரும். அப்பறம் பழைய பில்டிங்ல எர்த்தே இருக்காது, இன்டர்ஃபேஸ்ல (கம்ப்யூட்டர் சத்தத்த வெளிய குடுக்கற பெட்டி) இருந்து மானிட்டருக்கு பேலன்ஸ்டு கேபிள் போடு, ரெண்டு கருப்பு வளையம் போட்ட ஜாக் இருக்குமே அது, இரைச்சல் பாதி போயிரும்.

பிராண்டா, சரி. எச்எஸ்5 நல்லது, குரல் பகுதிய ஒளிக்காம காட்டும், கேக்க ஒண்ணும் சொகமா இருக்காது. ஜேபிஎல் 305 பேஸ் கூட எறங்கும், ஆனா பாட்டு ஓடாதப்ப கிட்டப் போனா லேசா ஸ்ஸ்னு கேக்கும், ராத்திரி ஒக்காருற ஆளுக்கு அது எரிச்சல். காலின்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, எல்பி6, பேரக் கேட்டதும் எங்க அத்த அனோரட்டா ரோடு காளியம்மா ஸ்பீக்கரும் விக்குதான்னு கேட்டாங்க, அதுல பேஸ் காத்து வர ஓட்டை முன்பக்கம் இருக்கு, சுவத்துக் கிட்ட வைக்க வசதி, ஸ்பீக்கர் எங்க இருக்குன்னு சொல்ற சுவிட்சும் பின்னாடி உண்டு, ஆனா அது 6½ இஞ்ச். சாதாரண வீட்டு ஸ்பீக்கர்ல மிக்ஸ் பண்ண முடியாதான்னு கேட்டா, முடியும். ஸ்டுடியோ ஸ்டுடியோவா உக்காந்திருந்த அந்த வெள்ளை கோன் யமஹா என்எஸ்10, 1978ல வீட்டுக்குன்னு வந்த ஸ்பீக்கர்தான், 2001ல நிறுத்துற வரைக்கும் ஆளுங்க அதுலதான் மிக்ஸ் பண்ணாங்க, அதுக்குக் காது பழகிருச்சு, அவ்ளோதான்.

சவுண்ட ரொம்ப ஏத்தாத, ஃபோன்ல டெசிபல் ஆப் போட்டு 75 கிட்ட வச்சுக்க. சத்தம் ஏற ஏற காதுக்கு பேஸ் கூடத் தெரியும், மறுபடி வெட்ட ஆரம்பிச்சுருவ.

ஒண்ணு விட்டுட்டேன். ஒன் பாட்டு கடைசில எங்க ஓடப் போகுது? திருவிழால மரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல. அதுல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் வராது. அதனால மிக்ஸ் முடிஞ்சதும் மாஸ்டர்ல (மொத்த பாட்டும் சேர்ற எடம்) 300க்குக் கீழ மொத்தமா வெட்டி, மோனோ ஆக்கி (ரெண்டு பக்கமும் ஒண்ணா சேத்து) ஒரு தடவ கேளு. அப்பவும் உறுமி உறுமுற மாதிரி இருந்தா, வார்த்தை புரிஞ்சா, ஃபைல அனுப்பலாம். அந்த வெட்ட எடுத்துட்டு அனுப்பு, நான் ஒரு தடவ அப்படியே அனுப்பிட்டேன்.

சீலிங் எவ்ளோ உயரம், நடுவுல தடுப்பு இருந்தா அது பலகையா செங்கல்லா, அளந்து கமெண்ட்ல போடு. பலகைன்னா நீ குடுத்து வச்சவன், அது கொஞ்சம் பேஸ தானே குடிச்சுரும்.