பச்சை ஒளி எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

புரதத்தை உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட பெரிப்ளாசத்துக்கு அனுப்ப, பெட்-22பி பிளாஸ்மிடில் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) பெல்பி சிக்னல் என்ற முகவரித் துண்டுக்குப் பின்னால், பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் ஜீனை வைத்தேன். பிஎல்21(டிஇ3) வகை ஈ.கோலை பாக்டீரியாவை 37 டிகிரியில், ஜீனை இயக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் கொடுத்து நான்கு மணி நேரம் வளர்த்தேன். செல்கள் பளிச்சென்று ஒளிர்கின்றன. ஆனால் வெளிச்சவ்வை மட்டும் திறக்கும் ஆஸ்மாடிக் ஷாக்கில் கிடைத்த பெரிப்ளாசத் திரவத்தில் பச்சையே இல்லை. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் நெருக்கமாக இரண்டு பட்டைகள். வெளிச்சவ்வு சரியாகத் திறக்கவில்லை போலிருக்கிறது. சவ்வைத் தளர்த்தும் ஈடிடிஏவைக் கூட்டலாமா?

க.

அன்புள்ள க.,

கூட்டாதீர்கள். ஈடிடிஏ மிகுந்தால் செல்லே உடையும், உள்ளிருக்கும் சைட்டோபிளாசம் கசிந்து திரவம் பச்சையாகும், நீங்களும் வெற்றி என்று எழுதிவைப்பீர்கள். இப்போது தெரியும் பச்சை, செல்லுக்குள்ளேயே தங்கிவிட்ட ஜிஎஃப்பி. உள்சவ்வைக் கடந்தது ஒளிராது.

பெல்பி, புரதத்தைச் செக் என்னும் ஏற்றுமதி வழியில் அனுப்புகிறது. அந்த வழியின் கால்வாய் செக்ஒய்இஜி. அதன் இடுப்பில் நீரை ஒட்டாத ஆறு அமினோ அமிலங்களின் வளையம், அதை அடைத்தபடி ஒரு சிறு சுருள். 2004இல் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகை ஒன்றின் கால்வாயைப் படிகமாக்கிப் பார்த்தபோது இது தெளிவானது. பீப்பாய் வடிவில் மடிந்துவிட்ட ஜிஎஃப்பி இதற்குள் போகவே போகாது. மடியாத சங்கிலியை மட்டுமே ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல் கோக்க முடியும். செக்ஏ என்ற மோட்டார் புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவிட்டு அதைத் தள்ளுகிறது, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடு துணை நிற்கிறது. அப்படிக் கடந்துபோன ஜிஎஃப்பி, ஆக்சிஜனேற்றச் சூழலான பெரிப்ளாசத்தில் 48, 70ஆம் இடத்துச் சிஸ்டீன் அமினோ அமிலங்களால் தப்பும் தவறுமாகப் பிணைந்துகொள்கிறது. பீப்பாய் உருவாகாவிட்டால் நிறமியும் இல்லை.

செக்ஏவைக் கண்டுபிடித்ததே இந்தத் தர்க்கத்தால்தான். பெரிப்ளாசத்துக்குப் போகும் மால்டோஸ் பிணைப்புப் புரதத்தோடு பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியை ஒட்டினால், அந்த நொதி உள்சவ்வில் சிக்கிச் செயலிழக்கும். ஏற்றுமதி பழுதான செல்லில் மட்டும் அது சைட்டோபிளாசத்தில் தங்கி வேலை செய்யும். அப்படி வேலை செய்யும் செல்களைத் தேடித்தான் 1981இல் ஆலிவரும் பெக்வித்தும் செக்ஏ மரபணுவைப் பிடித்தார்கள். அதே ஒட்டுப்புரதத்தை மால்டோஸ் கொடுத்து அதிகம் செய்யவைத்தால் கால்வாய்கள் அடைபட்டுச் செல் சாகும். உங்கள் பிளாஸ்மிடில் ஜீனை இயக்கும் வலுவான டி7 புரோமோட்டரில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஜிஎஃப்பி மட்டுமல்ல, அதே வழியில் போகவேண்டிய மற்றப் புரதங்களும் தேங்கும்.

உங்கள் இரண்டு பட்டைகளில் மேலுள்ளது சிக்னல் வெட்டப்படாததாக இருக்க வேண்டும். பெல்பி 22 அமினோ அமிலம், சுமார் 2 கிலோடால்டன். வெட்டும் நொதியின் செயல்முனை சவ்வின் மறுபுறம் இருப்பதால், கீழ்ப்பட்டை அங்கே எட்டிய பங்கு. ஷாக் திரவத்தையும் மிச்ச செல்லையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஷாக் பலித்ததா என்பதற்குத் தனிச் செலவு வேண்டாம்: உங்கள் பிளாஸ்மிடின் ஆம்பிசிலின் எதிர்ப்பு நொதியான பீட்டா-லாக்டமேஸும் செக் வழிப் பயணிதான். அந்த நொதி உடைக்கும் நைட்ரோசெஃபினைத் திரவத்தில் விட்டால் மஞ்சள் சிவப்பாக வேண்டும். கூடவே, சைட்டோபிளாசப் புரதமான க்ரோஇஎல்லுக்கான ஆன்டிபாடி போடுங்கள். திரவத்தில் அது தெரிந்தால் செல் உடைந்திருக்கிறது.

பெரிப்ளாசத்தில் ஒளிர வேண்டுமென்றால் இரண்டு வழி. எளிதில் மடியும் சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பியை டிஎஸ்பிஏ சிக்னலோடு வையுங்கள். அந்தச் சிக்னல் சங்கிலியை ரைபோசோமிலிருந்து வரும்போதே கால்வாய்க்குக் கொண்டுபோவதால் உள்ளே மடிய அவகாசம் குறைவு. அல்லது டார்ஏ சிக்னல்: அருகருகே இரண்டு ஆர்ஜினின் கொண்ட இது, மடிந்த புரதத்தையே கடத்தும் டாட் வழிக்குப் போகும். அந்த வழியின் கொள்ளளவு சிறிது. எதுவானாலும் 25 டிகிரி, செல் அடர்த்தி (ஓடி) 0.6இல் 0.05 முதல் 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி என்று தொடங்குங்கள்.

ஜிஎஃப்பி ஒத்திகைதான், பின்னால் ஆன்டிபாடித் துண்டு வரப்போகிறது என்றால் டாட்டை மறந்துவிடுங்கள். அந்தத் துண்டு மடியத் தேவையான டைசல்ஃபைடு பிணைப்புகள் (சிஸ்டீன்களை இணைப்பவை) சாதாரண ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் உருவாகாது. அதற்குப் பெல்பியே சரி. ஷாக்குக்கு 20% சுக்ரோஸ், 30 மில்லிமோலார் ட்ரிஸ் (பிஎச் 8), 1 மில்லிமோலார் ஈடிடிஏ. பிறகு பனிக்குளிர்ந்த 5 மில்லிமோலார் மெக்னீசியம் சல்ஃபேட். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். முதல் திரவத்தையும் கொட்டிவிடாதீர்கள், அதிலும் புரதம் இருக்கலாம். ஆனால் டயலிசிஸ் செய்யாமல் அதை, புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் காலம்னில் (column) ஏற்றினால் ஈடிடிஏ நிக்கலை உரித்துவிடும்.