வர்க்கமூலத்தை எப்போது சுருக்குவது, எப்போது தசமமாக்குவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 72 சதுர மீட்டர் பரப்புள்ள சதுர மனையைச் சுற்றி ஒரு வரிசை வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்ற கணக்கில், பக்கம் 8.49 மீட்டர், சுற்றளவு 33.96 மீட்டர் என்று எழுதியிருந்தாள். 24√2 என்பதுதான் விடை என்று சொல்லி ஆசிரியர் ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார். கம்பி வாங்கப் போகிறவர் கடையில் 24√2 மீட்டர் என்றா கேட்பார்?
– ஒரு தாயார், மன்னார்குடி

பதில்: கேட்க மாட்டார், 34 மீட்டர் கொடுங்கள் என்றுதான் கேட்பார். ஆனால் அந்த 34-ஐச் சொல்வதற்கு முன்னால் கணக்கு எந்த வழியாக வந்தது என்பதைத்தான் ஆசிரியர் பார்க்கிறார். பக்கம் √72 மீட்டர். 72-ஐப் பகாக் காரணிப்படுத்தினால் 2×2×2×3×3 கிடைக்கிறது. சோடி சேர்ந்த 2-ம் 3-ம் மூலக்குறிக்கு வெளியே வந்து 6 ஆகின்றன. சோடியில்லாத ஒரு 2 உள்ளேயே தங்குகிறது. ஆகவே பக்கம் 6√2, சுற்றளவு 24√2. பழகிய மாணவர்கள் 72 = 36×2 என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள். அவசரப்படுகிறவர்கள் 4×18 என்று பிரித்து 2√18 என்று நிறுத்திவிடுவார்கள். அந்த 18-க்குள் இன்னும் ஒரு 9 இருப்பதால் அது முழுமையாகச் சுருங்கிய வடிவம் ஆகாது.

24√2-இன் மதிப்பு ஏறத்தாழ 33.94. உங்கள் மகளின் விடையில் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருப்பதற்குக் காரணம், 8.485 என்று தொடரும் பக்கத்தை முதலிலேயே 8.49 என்று முழுமையாக்கி, அந்தச் சிறு மிகையையும் சேர்த்து நான்கால் பெருக்கியதுதான். வேலிக்கு இரண்டு சென்டிமீட்டர் ஒரு பொருட்டல்ல என்பது உண்மை. அதே மனையின் மூலைவிட்டத்தைக் கேட்டால் நிலைமை மாறும். 6√2-ஐ √2-ஆல் பெருக்கியவுடன் 12 மீட்டர் என்று துல்லியமான முழு எண் வந்துவிடும். 8.49-ஐ 1.414-ஆல் பெருக்கியவருக்கோ 12.00486 கிடைக்கும், அது உண்மையில் 12-தானா, அல்லது 12-ஐ ஒட்டிய வேறோர் எண்ணா என்று அவரால் சொல்ல இயலாது. எனவே கணக்கு முடியும்வரை மூலத்தைச் சுருக்கிய வடிவில் வைத்திருந்து, கடைசி வரியில் ஒரே ஒருமுறை தசமமாக்கச் சொல்லுங்கள். இரண்டையும் எழுதினால் ஆசிரியரும் கடைக்காரரும் ஒருசேர ஒப்புக்கொள்வார்கள். ஒன்று மட்டும் ஆசிரியர் தரப்புக்கு: விடை எந்த வடிவில் வேண்டும் என்று வினாவில் குறிப்பிடாமல் விட்டிருந்தால், மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

கேள்வி: சாலையோரத்தில் 50 சதுர மீட்டர், 18 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு சதுர மனைகள் அடுத்தடுத்து உள்ளன. இரண்டின் முகப்பு நீளத்தையும் சேர்த்து √68 என்று எழுதியது ஏன் தவறு?
– பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

பதில்: √68 என்பது 68 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே சதுர மனையின் முகப்பு. அது 8.25 மீட்டர்தான் வரும். உங்கள் பெரிய மனை மட்டுமே 7 மீட்டருக்கு மேல் முகப்பு கொண்டது. சிறியது 4 மீட்டரைத் தாண்டுகிறது. மூலக்குறிக்குள் இருக்கும் எண்களை நேரடியாகக் கூட்டக்கூடாது. சுருக்கிப் பாருங்கள்: √50 = 5√2, √18 = 3√2, கூடுதல் 8√2, அதாவது சுமார் 11.31 மீட்டர். ஒரே மூலத்தைக் கொண்ட உறுப்புகளைத்தான் கூட்ட முடியும், அவை ஒரே மூலத்தைக் கொண்டவை என்பது சுருக்கினால்தான் தெரியவரும். இவற்றில் ஒன்றில் மட்டும் √2-க்குப் பதில் √3 தங்கியிருந்தால் கூட்டாமல் அப்படியே விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 12 அடிக்கு 10 அடி அறைக்கு வானம் தோண்டக் கயிறு கட்டியிருக்கிறோம். மூலைவிட்டம் 15.62 அடி என்று கணக்கிட்டு, 15 அடி 6.2 அங்குலம் வைத்துப் பார்த்தேன், மூலை சதுரமாகவில்லை. கொத்தனார், மூலையின் இரு பக்கமும் 3, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வந்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வீடு கட்டும் வாசகர், திருச்சி

பதில்: கொத்தனார் சொல்வதும் சரி, உங்கள் 15.62-ம் சரி, அங்குலமாக்கியதுதான் சரியில்லை. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் 0.62 அடி என்பது 7.44 அங்குலம். டேப்பில் 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி வைக்க வேண்டும்.

இத்தகைய கணக்குகளில் வர்க்கப்படுத்துவதற்கு முன்பே பொதுக் காரணியை வெளியே எடுத்துவிட்டால் பாதி வேலை குறையும். 10, 12 இரண்டிலும் 2 பொது. ஆகவே மூலைவிட்டம் 2√(25+36), அதாவது 2√61. 61 பகா எண் என்பதால் அதற்குமேல் சுருங்காது. 45 மீட்டருக்கு 60 மீட்டர் என்றால் 15-ஐ வெளியே எடுத்தவுடன் உள்ளே 9+16 நிற்கும். மனக்கணக்காகவே 75 மீட்டர் என்று சொல்லிவிடலாம்.

கொத்தனாரின் 3, 4, 5 முறையும் இதே பிதாகரஸ் தேற்றம்தான், மூலம் முழு எண்ணாக வரும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. அறை பெரிதாக இருப்பதால் 6, 8, 10 அடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய முக்கோணத்தில் நேரும் சிறு பிசகு, கயிறு நீளும்போது பெரிதாகும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக வந்தால் அறையின் மூலைகள் செங்கோணமாக அமைந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கேள்வி: நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் (செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த நீண்ட பக்கம்) வந்துவிடும் என்று போதாயனார் பெயரில் ஒரு தமிழ்ப் பாட்டு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. வர்க்கமூலமே இல்லாமல் கணக்கு முடிகிறதே, பள்ளியில் ஏன் இதைக் கற்பிப்பதில்லை?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை

பதில்: பாட்டின் காலத்தைத் தமிழறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நாம் கணக்கைச் சோதிப்போம். நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5+1.5 = 5. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5+2.5 = 13. இரண்டும் மிகச் சரி, பாட்டைப் பகிர்கிறவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 15-க்கு 8 என்று போட்டால் 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வருகிறது.

இந்த விதி எங்கே பொருந்தும் என்பதை இயற்கணிதத்தால் முடிவாகக் கண்டுவிடலாம். நீளம் அ, உயரம் ஆ என்று கொண்டு, பாட்டு தரும் கர்ணத்தின் வர்க்கத்தை அ² + ஆ² என்பதோடு சமப்படுத்தினால் 48ஆ² − 56அஆ + 15அ² = 0 என்ற இருபடிச் சமன்பாடு வரும். அதைத் தீர்க்கும்போது √256, அதாவது 16, தோன்றி, ஆ/அ-வுக்கு 3/4, 5/12 என்ற இரண்டே விகிதங்களைத் தருகிறது. வேறு எந்த விகிதத்திலும் பாட்டு துல்லியமாகாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் விடை சற்றுக் கூடுதலாக வரும், ஆனால் மிகை நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பதால் தோராயமாக மதிப்பிட அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கு வெளியே போனால் ஆபத்து. 12 மீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு 16.5 மீட்டர் என்று சொல்லி 47 சென்டிமீட்டரை விழுங்கிவிடுகிறது. 20 அடி நீளத்தில் ஓர் அடி உயரும் சாய்தளத்துக்கு 18 அடி என்கிறது. தரையைவிடச் சாய்வு குறுகியது என்று இதற்குப் பொருள், அது நடக்காத காரியம்.

வேள்வி மேடைகளின் அளவுகளைக் கூறும், வடமொழியில் அமைந்த பழைய நூலான போதாயன சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தரும் அளவு இதைவிடப் பன்மடங்கு நுட்பமானது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றையும், பன்னிரண்டில் ஒன்றையும் சேர்த்து, 408-இல் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. கூட்டினால் 577/408, தசமத்தில் 1.414215 என்று தொடங்கும்; √2-இன் மதிப்பு 1.414213 என்று தொடங்குகிறது. அதே 12 மீட்டர் சதுரத்தில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். பெருமைப்பட வேண்டுமானால் இதைப் பகிருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஏ4 தாளை ஏ3 ஆக்க 141%, திரும்பச் சிறிதாக்க 71% என்று இருக்கிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஏ3 தாளின் பரப்பு ஏ4 தாளைப்போல் இரு மடங்கு, பரப்பு இரு மடங்கானால் பக்கங்கள் √2 மடங்காகும், அதுவே 1.41. சிறிதாக்கும்போது 1/√2 வேண்டும். 1-ஐ 1.414-ஆல் வகுப்பது தொல்லை என்பதால், மேலும் கீழும் √2-ஆல் பெருக்கிப் பகுதியை விகிதப்படுத்தினால் (கீழே மூலக்குறி இல்லாமல் செய்தால்) √2/2 என்றாகும், 1.414-இல் பாதி 0.707, இயந்திரம் அதை 71 என்று காட்டுகிறது. ஏ4 தாளின் 297 மில்லிமீட்டரை 210-ஆல் வகுத்தாலும் அதே 1.414 வரும். நீளப் பக்கத்தின் நடுவில் மடித்தாலும் வடிவம் மாறாத ஒரே விகிதம் அது.