லாரியில் வந்த உயரத்தை ஏன் இழக்கிறீர்கள்?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் சின்னதாக ஒரு மர மில் நடத்துகிறோம். என்னையும் சேர்த்து ஐந்து பேர். மலையில் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்தான் அதிகம் வருகிறது. 10 அடி நீளம், நடுச்சுற்றளவு 5 முதல் 6 அடி. பேண்ட்சா (பட்டை ரம்ப இயந்திரம்) முன் மரத்தை வைத்துத் தள்ளும் ட்ராலி தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஆறடிக் கட்டை இரண்டைச் சாய்வாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி, கீழேயிருந்து தோள் கொடுத்து ஏற்றுகிறோம். போன மாதம் பாதி வழியில் ஒரு மரம் திரும்பி உருண்டு, ஒருவருக்குக் கால் விரல் இரண்டு நசுங்கிவிட்டது. கிரேன் வாங்க வசதியில்லை. கை வேலையாகவே பத்திரமாக ஏற்ற வழி உண்டா? இன்னொன்று: சில்வர் ஓக் அறுக்கும் நாளில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கையெல்லாம் அரிக்கிறது. ஏன்?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: வழி உண்டு. ஆனால் கீழே நின்று தோள் கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் நிற்பவருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

மரம் வாங்கும்போது போடும் கன அடிக் கணக்கே எடையையும் சொல்லிவிடும். சுற்றளவு 6 அடி என்றால் அதில் கால் பாகம் ஒன்றரை அடி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, நீளம் 10 அடியால் பெருக்கினால் 22.5 கன அடி. இதை 36-ஆல் பெருக்குங்கள்: 810 கிலோ. வியாபாரக் கணக்கில் மரத்தின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விட்டுப்போகிறது. அதைச் சேர்த்து, பச்சை மரத்தைத் தண்ணீர் எடைக்குச் சமமாக வைத்தால் 36 வரும். சில்வர் ஓக் அதைவிடக் கொஞ்சம் குறையலாம், ஆனால் மழையில் நனைந்த மரத்துக்கு இந்தக் கணக்கே பத்திரம். புளி, கருவேலம் வந்தால் 40-ஆல் பெருக்குங்கள்.

ஆறடிக் கட்டையில் இரண்டரை அடி ஏற்றுகிறீர்கள். அந்தச் சாய்வில் 810 கிலோ மரம் கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 340 கிலோ. ஐந்து பேரும் சரியாகப் பிடித்தால் தலைக்கு 68. ஒருவர் கால் வழுக்கினால் மற்ற நால்வருக்கும் நொடியில் 85 ஆகிறது. ஒருவர் கையால் சுமக்கும் பாரமே 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அந்த மரம் திரும்பி உருண்டதில் வியப்பே இல்லை.

இதற்கு நல்ல மருந்து ஏற்றும் இடத்தில் இல்லை, இறக்கும் இடத்தில் இருக்கிறது. லாரியின் தளம் சுமார் 4 அடி உயரம், உங்கள் ட்ராலி இரண்டரை அடி. அதாவது மரம் உங்களிடம் வரும்போதே ட்ராலியைவிட உயரத்தில்தான் இருக்கிறது. அதைத் தரையில் தள்ளிவிட்டு, மறுபடி ஐந்து பேர் முக்கி ஏற்றுவது வீண் பாடு. லாரி வந்து அணையும் இடத்துக்கும் ட்ராலிக்கும் நடுவே ஒரு மேடை கட்டுங்கள். தளம் போட வேண்டாம். செங்கல் தூண்களின் மேல் பழைய இரும்பு உத்திரமோ, மேலே ஆங்கிள் அடித்த 6 அங்குலச் சதுரக் கட்டையோ இரண்டு வரிசை, 6 அடி இடைவெளியில் போதும். 10 அடி மரம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டு படுக்கும். ட்ராலியைப் பார்த்து ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் மரம் தானாக ஓட ஆரம்பிக்கும். ட்ராலிப் பக்கத்து முனையில் மடக்கும் இரும்பு முளை ஒவ்வொன்று. அதை மடக்கும் கைப்பிடி மேடையின் பக்கவாட்டில் இருக்க வேண்டும், மரத்துக்கு முன்னால் போய் மடக்குகிற மாதிரி அமைக்காதீர்கள்.

லாரியிலிருந்து மேடைக்கு வரும் சாய்வு ஓர் அடி, ஒன்றரை அடிதான். ஆபத்து அங்கே கட்டுக் கயிற்றை அவிழ்ப்பதில். பயணத்தில் அடுக்கு நகர்ந்து, பக்கக் கம்பத்தில் சாய்ந்து நிற்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்கிய லாரி என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் அடுக்கைச் சுற்றி வந்து பாருங்கள், அடிமரத்துக்கு ஆப்பு வையுங்கள், பிறகு லாரியின் முன்பக்கமோ பின்பக்கமோ நின்று கயிற்றை அவிழுங்கள். பக்கவாட்டில் ஆள் கூடாது.

மேடை கட்டும்வரை தரையிலிருந்து ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கயிற்றுச் சுருட்டு முறையில் ஏற்றுங்கள். சாய்வுக் கட்டையை 10 அடி ஆக்குங்கள். ட்ராலிக்கு அந்தப் பக்கம் தரையில் ஊன்றிய இரண்டு கம்பங்களில் இரண்டு கயிறுகளின் ஒரு முனையைக் கட்டுங்கள். ட்ராலியிலேயே கட்டினால் ட்ராலி சாயும். கயிறு ட்ராலியைக் கடந்து வந்து மரத்துக்கு அடியில் நுழைந்து, மேலே சுற்றித் திரும்பி ட்ராலியின் அந்தப் பக்கமே போக வேண்டும். இழுத்தால் மரம் உருண்டுகொண்டே ஏறும். 10 அடிக் கட்டையில் கீழ்நோக்கிய விசை 200 கிலோ, சுருட்டில் அது பாதியாகி 100. முடிச்சு, கோணல், உராய்வு எல்லாம் சேர்த்து 130 என்று வைத்தாலும் நான்கு பேருக்குத் தலா 33 கிலோதான். கயிறு மட்டும் இரண்டு மடங்கு நீளம் இழுக்க வேண்டியிருக்கும். 20 மி.மீ.க்குக் குறையாத கயிறு வேண்டும், முடிச்சு விழுந்த கயிறு ஏறக்குறைய பாதிப் பலத்தை இழந்துவிடும். இழுத்த கயிற்றை அவ்வப்போது கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும் என்பதால் அதன் நேர்க்கோட்டில் இழுப்பவர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது.

இனி முட்டுக்கட்டை. நான்கு பேர் இழுத்தால் உங்களிடம் மிச்சம் ஒருவர், சாய்வுக் கட்டைகளோ இரண்டு. அவர் இரண்டு பக்கமும் ஓடி ஆப்பு வைக்க முடியாது. ஆகவே கட்டையிலேயே பல் வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கீல் பல்: மரம் மேலே ஏறும்போது அமுங்கும், தாண்டியதும் பின்பக்க எடையால் தானே நிமிரும், திரும்பி வந்தால் தடுக்கும். பட்டறையில் சொன்னால் செய்துகொடுப்பார்கள். மொத்தச் செலவில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. பல் வைக்கும்வரை, 6 அங்குல உயர ஆப்புக்கு 3 அடிக் கைப்பிடி போட்டுப் பக்கவாட்டிலிருந்து தள்ளுங்கள். கையால் வைத்தால் அடுத்து விரல் கையில்தான் போகும்.

அடிப்பக்கம் பருத்த மரம் நேராக உருளாது. ஒரு சுற்றுக்குப் பருத்த முனை அதிக தூரம் போகும், மரம் கோணிக்கொண்டு ஒரு கட்டையிலிருந்து நழுவப் பார்க்கும். பருத்த முனைக் கயிற்றைக் கம்பத்தில் பிடித்து நிறுத்தி, சிறுத்த முனையை இழுத்து நேராக்குங்கள். கிளை முண்டுகளை ஏற்றும் முன்பே சீவிவிடுங்கள். முண்டு கட்டையில் இடித்தால் மரம் சட்டென்று திரும்பும், மடித்துக் கட்டிய லுங்கியை மாட்டி இழுக்கவும் செய்யும். மரம் ட்ராலியில் விழும் கடைசிச் சுற்றில் அவசரம் கூடாது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, மரம் ஏறும் ஓரத்துக்கு அடியில் ஒரு முட்டும், எதிர் ஓரத்தில் மரம் தாண்டாமல் தடுக்கும் கம்பமும் இருக்க வேண்டும்.

கடப்பாரையை நெம்பத்தான் வைக்க வேண்டும், உருட்ட அல்ல. மரம் திரும்பும்போது கடப்பாரை எகிறித் தாடையைப் பெயர்க்கும். அதைக் கால்களுக்கு நடுவே வைத்து நெம்புவது அதைவிட மோசம். நாலரை அடிக் கெட்டிக் கம்பில், நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி அசையும் கொக்கி ஒன்று மாட்டினால் அது மரத்தைக் கவ்விக்கொண்டு உருட்டும்.

ஐலசா போட்டு இழுப்பது நல்லதுதான், இழுப்பு ஒன்றுபோல விழும். ஆனால் அந்தச் சத்தத்தில் ‘நிறுத்து’ என்பது காதில் விழாது. அதற்கு ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள், யார் ஊதினாலும் எல்லோரும் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரும்பு மூக்கு வைத்த செருப்பு கடப்பாரை விழுந்தால் காக்கும், 800 கிலோ மரத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஒரு டன்னைத் தாண்டினால் கை வேலை வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தின் அடித்துண்டு 9 அடிச் சுற்றளவில் வந்தால், அதே 10 அடி நீளத்துக்கு 1,800 கிலோ வரும். சுற்றளவு ஒன்றரை மடங்கு கூடினால் எடை இரண்டே கால் மடங்கு கூடுகிறது. அன்றைக்கு ஹைட்ரா கிரேனை வாடகைக்குக் கூப்பிடுங்கள். நிலைச் சட்டத்துக்கு 7 அடிதான் தேவை என்றால் தோட்டத்திலேயே அந்த அளவுக்குத் துண்டு போடச் சொல்லலாம்.

அரிப்பு விஷயம்: சில்வர் ஓக்கில் சேராங்கொட்டை, முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் ஆகியவற்றில் இருப்பதற்கு உறவான ஒரு பொருள் இருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகாது, ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குத் திரும்பத் திரும்ப வரும். அவரை அறுவைத் தூள் பறக்கும் இடத்திலிருந்து கயிற்றுப் பக்கம் மாற்றுங்கள், முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கொப்புளம் வந்தாலோ கண், முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள், என்ன மரம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.