தூளியில் மட்டுமே உறங்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம் ஆகிறது. தூளியில் போட்டு ஆட்டினால்தான் உறங்குகிறாள். நன்றாக உறங்கியபின் பாயில் கிடத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் விழித்து அழுகிறாள். இரவில் நான்கைந்து முறை இப்படி ஆகிறது. பசியாக இருக்கும், இரவில் கேழ்வரகுக் கூழ் கொடு என்கிறார் என் மாமியார். சளி மருந்து சிறிது கொடுத்தால் தூங்கிவிடுவாள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சளி மருந்தை உறக்கத்துக்காக ஒருபோதும் கொடுக்காதீர்கள், மயக்கம் தரும் அத்தகைய மருந்துகள் இந்த வயதுக் குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடும். கேழ்வரகுக் கூழ் நல்ல உணவுதான், அதைப் பகலிலேயே கொடுக்கலாம். பகலில் நன்றாகச் சாப்பிட்டுப் பாலும் குடித்து, எடையும் சரியாக ஏறி வருகிறதென்றால், மணிக்கொரு முறை விழிப்பதற்குப் பசி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கைக்குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ 50 நிமிடங்களுக்கு ஒருமுறை மேலோட்டமாகி, பிறகு மீண்டும் ஆழ்கிறது. அந்த இடைவேளையில் குழந்தை சிறிது விழிப்பது இயல்பே. உங்கள் மகள் கண் மூடும்போது ஆட்டமும் தூளியின் அணைப்பும் இருந்தன. விழிக்கும்போது அவை இரண்டும் இல்லாததால் திகைத்து அழுகிறாள். தாயைப் பிரிய அஞ்சும் பருவமும் இதுவே என்பதால், இந்த அழுகையைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே, எங்கே விழிக்கப் போகிறாளோ அங்கேயே கண்ணயரப் பழக்குங்கள். தூளியை ஒரே நாளில் அவிழ்க்க வேண்டியதில்லை. சில நாட்கள் ஆட்டத்தை மெல்லக் குறைத்து, அவள் கண் சொருகும் நிலையில், முழுதும் உறங்குமுன், பாயில் மல்லாக்கக் கிடத்தி, மார்பில் கை வைத்துத் தாலாட்டுப் பாடுங்கள். அழுதால் தட்டிக்கொடுங்கள், தேவைப்பட்டால் தூக்கி அணைத்து ஆற்றி, மீண்டும் பாயிலேயே விடுங்கள். வெந்நீர் ஊற்றி உடல் துடைத்தல், பால், விளக்கைத் தணித்தல், தாலாட்டு என்ற வரிசை தினமும் ஒரே நேரத்தில் நடந்தால், அந்த வரிசையே அவளுக்கு உறக்கத்தை அறிவிக்கும். காலையில் வெளிச்சம் படும்படி வாசலில் உட்கார்த்துங்கள். பகல் உறக்கத்தைக் குறைத்தால் இரவில் அசந்து தூங்குவாள் என்று நினைப்பது தவறு. களைத்துப்போன குழந்தை இன்னும் அதிகமாகவே விழிக்கும். இந்த வயதில் பகலும் இரவுமாக 12 முதல் 16 மணி நேர உறக்கம் தேவை. கைப்பேசியைக் காட்டித் தூங்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

தூளியைப் பற்றி ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். அதன் வளைவில் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடலாம். எழுந்து நிற்க முயலும்போது தவறி விழவும் கூடும். எனவே இரவு முழுவதும் தூளியில் விடுவது தீர்வாகாது. தலையணையும் கனமான போர்வையும் இல்லாமல், உங்கள் பாயை ஒட்டி அவளுக்கென்று தனிப் பாய் விரித்தால் போதும். அவளாகவே புரண்டு படுத்தால் அப்படியே விட்டுவிடலாம். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவது வழக்கமாக இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் வாரம் கடினமாகவே இருக்கும். அந்த இரவுகளில் ஒரு விழிப்பையாவது உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். அவர் கையின் தட்டலுக்கும் அவள் பழகிக்கொள்வாள்.