புளூபெர்ரிக்குச் சுண்ணாம்பா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: இரண்டு வருடமாகப் புளூபெர்ரி வளர்க்கிறேன். செடிகள் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. மண் ஆய்வில் பி.எச். 4.4, அலுமினியம் அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். அந்தச் சிவப்பு எழுத்து உங்கள் செடிக்காக எழுதப்பட்டதே இல்லை. நெல்லோ கோதுமையோ தக்காளியோ, எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் அறிக்கை வருகிறது. என்ன பயிர் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தாலும் அதை யார் படிக்கிறார்கள்?

அலுமினியம் எல்லாக் களிமண்ணிலும் இருக்கிறது. பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால், அதாவது மண்ணில் அமிலம் கூடினால், அது கரைந்து வேர்நுனியைத் தாக்கும். வேர் நீள்வது நின்றுவிடும், சுண்ணாம்புச் சத்தான கால்சியமும் மணிச்சத்தும் செடிக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஆனால் புளூபெர்ரி இப்படிப்பட்ட மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடி. அதற்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரை. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையும், வேர் கசியவிடும் கரிம அமிலங்களும், மேலே மட்கிக் கிடக்கும் இலைதழையும் அலுமினியத்தைப் பிடித்து வைத்து அதன் கடுமையைக் குறைக்கின்றன. தாங்குகிறது என்றால் விரும்புகிறது என்று அர்த்தமில்லை. தேயிலை மாதிரி இலையில் அலுமினியத்தைச் சேர்த்துவைத்துச் சௌக்கியமாக இருக்கும் செடி அல்ல இது. ரகத்துக்கு ரகம் வேறுபாடும் உண்டு: சிலி நாட்டு ஆய்வுகளில் லெகசி நன்றாகத் தாங்கியது, ப்ளூகோல்டு அடிபட்டது.

ஆகவே முதலில் வேரைப் பாருங்கள். செடியின் ஓரமாக ஒரு சாண் ஆழம் மெதுவாகத் தோண்டினால் போதும். தலைமுடி போல மெல்லிய வேர்கள் பின்னிக் கிடந்தால் அலுமினியத்தின் மேல் பழி போட வேண்டாம். நீர் தேங்குகிறதா, உரம் தவறா என்று பாருங்கள். நுனி தடித்து, குட்டையாக, பழுப்பேறி, கிளைக்காமல் நின்றால் சந்தேகம் சரிதான்.

அப்போதும் சுண்ணாம்பு வேண்டாம். அது பி.எச்.-ஐ ஏற்றும், 5.5-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கிடைக்காமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்துப்போகும். மட்கிய பைன் பட்டையோ மரத்தூளோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு, ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அறிக்கையில் கால்சியமும் குறைவாக இருந்தால் மட்டும். இது சுண்ணாம்பின் தம்பி என்று நினைக்காதீர்கள், இது பி.எச்.-ஐ ஏற்றாது. இதிலுள்ள கால்சியம் மண்துகளில் ஒட்டிய அலுமினியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சல்பேட் அந்த அலுமினியத்தோடு சேர்ந்து விஷத்தைக் குறைக்கும். இதெல்லாம் நடக்க நீர் கீழே இறங்க வேண்டும். நீர் தேங்கும் மண்ணில் ஜிப்சம் வீண். கால்சியம் போதுமான அளவு இருக்கும்போது கொட்டினால் மக்னீசியமும் சேர்ந்து கழுவிப் போய்விடும், அப்புறம் அதற்கு ஒரு மூட்டை வாங்குவீர்கள். கால்சியம் குறைவு, வடிகால் நல்லது, இரண்டும் சேர்ந்தால்தான்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். 'புளூபெர்ரிக்கான அமில உரம்' என்று விற்கிறார்களே, பையைத் திருப்பிப் படியுங்கள். சிலவற்றில் இருப்பது அலுமினியம் சல்பேட்! ஹைட்ரேஞ்சா பூவை நீலமாக்கப் போடுவது அதே சரக்குதான். பி.எச். சட்டென இறங்குவதால் வாங்கியவருக்கும் சந்தோஷம், விற்றவருக்கும் சந்தோஷம். அதுவும் கந்தகத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அள்ளிப் போட வேண்டும். அலுமினியத்துக்குப் பயந்து என்னிடம் கேட்கிறீர்கள், அதையே காசு கொடுத்து மண்ணில் கொட்டியிருந்தால்? இரண்டு வருடமாக என்ன போட்டீர்கள் என்று பழைய பைகளைத் தேடிப் பாருங்கள். அமிலம் உண்மையிலேயே தேவைப்பட்டால் கந்தகம்தான். பாக்டீரியா அதை அமிலமாக்கப் பல மாதம் எடுக்கும் என்பதால், நடுவதற்கு முந்தைய வருடமே கலக்க வேண்டும். உங்கள் 4.4-க்கு அதுவும் தேவையில்லை.

அடுத்த முறை மண் கொடுக்கும்போது மொத்த அலுமினியம் வேண்டாம், வேருக்குக் கிடைக்கும் நிலையில் உள்ள அலுமினியமும் கால்சியமும் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.