சட்ட ஆலோசனை: நோட்டீஸ் அனுப்பும் முன் கத்தியின் பிடி எதனால் ஆனது என்று பாருங்கள்

கேள்வி: நான் அம்பாசமுத்திரம் வட்டத்தைச் சேர்ந்தவன். என் தாத்தா மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தாய்நாடு திரும்பிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துச் சென்ற 11 மடக்குக்கத்திகள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு, பழம்பொருள் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, எல்லாம் எலும்புப் பிடி, இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று சொல்லி, ஆறு கத்திகளை 18,000 ரூபாய்க்கு வாங்கிச் சென்றார். அவற்றுள் ராஜர்ஸ் என்று பொறித்த ஒன்று, 'அசல் தந்தப் பிடி, மிக அபூர்வம்' என்ற குறிப்புடன் 2,40,000 ரூபாய்க்கு இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதைத் தங்கை மகன் காட்டினான். அன்றிலிருந்து தம்பியும் தங்கையும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா தினமும் அழுகிறார். வியாபாரிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மோசடிப் புகாரும் கொடுத்து, கத்தியையோ விலை வித்தியாசத்தையோ வாங்க முடியுமா? மீதி ஐந்தில் இரண்டு மான்கொம்புப் பிடி போட்டவை. அவற்றை இடைத்தரகர் இல்லாமல் நானே இணையத்தில் விற்கலாமா?

பதில்: வியாபாரியின் நயவஞ்சகம், உடன்பிறந்தவர்களின் மௌனம், துரை கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் இவற்றுக்கு இடமில்லை. உங்கள் கடிதத்தில் சட்டப்படி கவனிக்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. அது 'தந்தம்'.

விலையைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பொருளின் மதிப்பைப் பற்றித் தவறாக எண்ணிக்கொண்டு விற்றுவிட்டேன் என்பது ஒப்பந்தத்தை உடைக்கும் காரணமாகாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 20ஆம் பிரிவின் விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மனமுவந்து விற்ற பொருளுக்குக் கிடைத்த விலை போதாது என்பதற்காக மட்டும் விற்பனை செல்லாததாகிவிடாது என்பதை 25ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம் கூறுகிறது. வாங்குபவர் தமக்குத் தெரிந்த மதிப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற கடமையும் பொதுவாக அவருக்கு இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் நீங்கள் போக முடியாது, ஏனென்றால் இந்த விற்பனையில் நீங்கள் நுகர்வோர் அல்ல, விற்றவர்.

அந்த 2,40,000 ரூபாய் என்பதும் கேட்கும் விலைதானே தவிர, விற்ற விலை அல்ல. பழைய மடக்குக்கத்தியின் மறுவிற்பனை மதிப்பு அலகின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கத்தி என்றால் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் இருக்கும். அரசியின் பெயரெழுத்துகளான வி.ஆர். பொறிக்கப்பட்டிருந்தால் அது விக்டோரியா காலத்துச் செய்முறை, அதாவது 1901ஆம் ஆண்டோடு முடிந்த காலத்தது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்துக்குப் பிந்தையது என்று சேகரிப்பாளர்கள் கணக்கிடுவார்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும், சாணை பிடித்துப் பிடித்து அலகு மெலிந்திருந்தால், வில் தளர்ந்து மூடும்போது 'டக்'கென்ற ஓசை வராமற் போயிருந்தால், பிடியின் தகடு பின்னாளில் மாற்றப்பட்டிருந்தால், விலை பாதிக்கும் கீழே போய்விடும். இவற்றையெல்லாம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நிபுணர் ஒருவர் சாட்சியம் சொல்ல வேண்டும். இன்று கத்தி உங்கள் கையில் இல்லை.

இருந்தும் ஒரு சிறு வழி இருப்பதாக உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். தந்தம் என்று தெரிந்தே வியாபாரி எலும்பு என்று பொய் சொல்லியிருந்தால், அது வெறும் மௌனம் அல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மோசடி. அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் பதிவாகியிருந்தால் நல்ல சான்றும்கூட. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வழியில்தான் என் கட்சிக்காரர்கள் சிலர் நடந்துபோய் விழுந்திருக்கிறார்கள். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால், பிடி தந்தத்தால் ஆனது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதை நிரூபித்த கணமே, யானைத் தந்தத்தால் ஆன பொருளைக் காசுக்கு விற்றவர் நீங்கள் என்பதும் உங்கள் கையெழுத்தோடு நிரூபணமாகிவிடும். பிடி எலும்பு என்றால் வியாபாரி பொய் சொல்லவில்லை, உங்களுக்கு வழக்கே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நிலை எதுவும் கிடையாது.

தண்டனை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் கொண்டுவந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991இல் கொண்டுவந்த திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் மூடிவிட்டன. "இது ஆப்பிரிக்கத் தந்தம், இங்கிலாந்தில் செய்தது" என்ற வாதம் ஆகவே உதவாது. இந்தத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் உறுதி செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மாமூத் என்ற யானை இனத்தின் தந்தமும் தடைக்குள் அடங்கும் என்று அதே ஆண்டில் இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. மாமூத் தந்தப் பிடி போட்ட புதிய கத்திகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டுள்ள குற்றம் என்பதால், வனத்துறையிடம் பணம் கட்டி இணக்கத் தீர்வு செய்துகொள்ளவும் வழியில்லை. நாள் கடந்துவிட்டது என்ற காலவரம்பு வாதமும் எடுபடாது. எல்லாவற்றுக்கும் மேலாக 57ஆம் பிரிவு இருக்கிறது. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது சட்டவிரோதமான வசம் என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், மறுப்பது உங்கள் பொறுப்பு. தாத்தாவுக்குத் துரை கொடுத்த சீட்டு அந்த மறுப்பில் ஓரளவு உதவலாம். ஆனால் அது வைத்திருந்ததற்கு விளக்கம் ஆகுமே தவிர, விற்றதற்கு விளக்கம் ஆகாது.

நூறு ஆண்டுப் பழைய பொருளுக்கு விலக்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டத்தில் குறிப்பிட்ட சில பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. இந்தியச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை. இங்கு பழமை இன்னொரு சிக்கலைத்தான் கூட்டும். நூறு ஆண்டுகள் கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருள் என்று சொல்லி, வெளிநாட்டு வாங்குபவருக்குத் தபாலில் அனுப்புவதையே குற்றமாக்கும் வேறொரு சட்டமும் 1972ஆம் ஆண்டிலேயே வந்திருக்கிறது.

இனி மீதி ஐந்து கத்திகள். அவற்றின் பிடியைப் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எலும்பு என்றால் நுண்ணிய கருந்துளைகளும் கீறல்களும் தென்படும், பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பாக இருக்கும். தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் வலைபோல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் ஓடும். அச்சடித்தாற்போல் ஒரே சீரான இணைகோடுகள் இருந்தால் அது தந்தம் போலச் செய்த செல்லுலாய்டு. சூட்டூசியால் குத்திப் பார்க்காதீர்கள், செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். இந்தப் பார்வை உங்கள் தெளிவுக்காக மட்டுமே. இறுதி முடிவைச் சொல்வது ஆய்வகம்.

மான்கொம்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும் மரப்பட்டைபோலச் சொரசொரப்பாக இருந்தால், அநேகமாக நம் பக்கத்து மிளா மானின் கொம்பாகத்தான் இருக்கும். இந்திய மிளாக்கொம்பை உலகெங்கும் உள்ள கத்திக் கம்பெனிகள் ஒரு காலத்தில் வாங்கிப் பிடியாகப் போட்டன. 1998இல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திய பிறகுதான் அத்தகைய கத்திகளின் விலை வெளிநாட்டில் ஏறியது. அங்கே விலையை ஏற்றியது ஏற்றுமதித் தடை, இங்கே உங்கள் கையைக் கட்டுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். "தானாக உதிர்ந்த கொம்புதானே, எந்த மிளாவையும் கொல்லவில்லையே" என்று முண்டந்துறைப் பக்கம் சொல்லாதவர் இல்லை. கொம்பு உதிர்ந்ததா வெட்டியதா என்று வனச்சரகர் கேட்பதில்லை. அனுமதி எங்கே என்றுதான் கேட்பார்.

இணையத்தில் நீங்களே விற்பது பற்றிக் கேட்டீர்கள். விற்பனைக்கு வைப்பதே குற்றம், விற்று முடிய வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பார்த்து முதலில் பேசுபவர் உண்மையில் வாங்க வந்தவரா, வனத்துறை அனுப்பியவரா என்று தொலைபேசிக் குரலில் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. என்னிடம் வந்த ஒருவர், விலை கூடட்டும் என்று எலும்புப் பிடிக்குத் 'தந்தம்' என்று விளம்பரம் போட்டவர். வீட்டுக்கு வந்தவர்கள் மகஜர் எழுதிப் பொருளைக் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எலும்பு என்று முடிவு வந்து அவர் தப்பினார். ஆனால் முடிவு வரும்வரை அவர் மகளின் கல்யாணப் பேச்சு நின்றே போயிருந்தது.

இதைவிட மோசமான பள்ளம் ஒன்று இருக்கிறது, கோபத்தில் இருப்பவர்கள் அதில்தான் விழுகிறார்கள். "பணத்தைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் தந்தம் விற்கிறாய் என்று வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்று வியாபாரிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி மிரட்டிப் பணம் பறித்த குற்றத்தை அவர் உங்கள் மீது சுமத்தலாம். அவர் செய்த குற்றம் உங்கள் மிரட்டலைச் சட்டபூர்வமாக்காது. அவர் பயந்துபோய்க் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள், தந்தப் பொருளை நீங்கள் மீண்டும் கைவசப்படுத்தியதாக அது இன்னொரு குற்றமாகும்.

ஆகவே பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன்: அந்த ராஜர்ஸ் கத்தியை விட்டுவிடுங்கள். நோட்டீஸ் வேண்டாம், புகார் வேண்டாம், தொலைபேசியிலும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். அவருடன் ஏற்கெனவே பரிமாறிய செய்திகளை அழிக்கவும் வேண்டாம், சான்றை அழித்ததாக அது தனிக் குற்றமாகும். அவர் வாங்கிச் சென்ற மற்ற ஐந்து கத்திகளின் விலையைப் பற்றி அவராக வந்து ஏதேனும் கொடுப்பதானால், வழக்கறிஞர் வழியாக மட்டும் பேசி ராஜியாகிவிடுங்கள். சட்டவிரோத விற்பனையில் இரு தரப்பும் பங்காளிகள் என்று தெரிந்தால் எந்த உரிமையியல் நீதிமன்றமும் உங்களுக்குக் கைகொடுக்காது.

தம்பி தங்கையின் கோபத்தில் சட்டப்படி நியாயம் உண்டு. அப்பா உயில் எழுதாமல் காலமானார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அந்தப் பெட்டி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. அவர்களைக் கேட்காமல் விற்றது உங்கள் தவறு. 18,000 ரூபாயை நாலாகப் பிரித்து ஆளுக்கு 4,500 ரூபாய் கொடுத்து, ஒரு பக்க இரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரசீதில் 'தந்தம்' என்ற சொல் வர வேண்டாம். தங்கை மகனிடமும் அந்த விளம்பரத்தை உறவினர் குழுக்களில் பகிர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

வாரிசாக வந்த வனவிலங்குப் பொருளை, வந்த 90 நாள்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரமளித்த அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும் என்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் விதி. உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் தாமதத்துக்கு உண்மையான காரணத்தைச் சொல்லி, வழக்கறிஞர் மூலம் எழுத்து வழியாகக் கொம்புப் பிடிக் கத்திகள் இரண்டையும் அறிவித்து, ஒப்படைக்க முன்வருவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. உரிமைச் சான்று கிடைத்தாலும்கூட, 43ஆம் பிரிவின்படி அவற்றைக் காசுக்கு விற்க முடியாது. மீதமுள்ள மூன்றும் எலும்பு, மரம், பிளாஸ்டிக் போன்ற பிடி உடையவை என்று உறுதியானால் தாராளமாக விற்கலாம். அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாக இருந்தால் மட்டும் ஆயுதச் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், மடக்குக்கத்தியில் அது அபூர்வம்.

அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். நீங்கள் அவரிடம் சொல்வதை வெளியிடாமல் காப்பது அவரது சட்டக் கடமை. துரையின் சீட்டையும் அப்பாவின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கொண்டுபோங்கள். கத்திகள் எதையும் வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம்.